செகண்ட் ஹேண்ட் கணினியா, முதலில் ராமைச் சோதியுங்கள்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பழைய கணினி வாங்கி ரப்பர் கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அதிலேயே போட்டுவைப்பவர்கள் நம் பக்கம் நிறைய. வாங்கும்போது ஹார்டு டிஸ்க்கைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள். கணினி ஓடும்போது தரவைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ராமை யாரும் சோதிப்பதில்லை.

ராமில் 0 அல்லது 1 என்னும் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம்தான். அது கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த மின்தேக்கிச் செல்கள் வரிசை வரிசையாக மிக நெருக்கமாக இருப்பதால், அந்த 64 மில்லி வினாடிக்குள் ஒரு வரிசையை லட்சம் தடவைக்கு மேல் திறந்து திறந்து மூடினால் பக்கத்து வரிசையில் 0 என்பது 1 ஆகிவிடலாம். இதற்குப் பெயர் ரோஹாமர். 2014-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 129 டிடிஆர்3 வகை ராம்களைச் சோதித்ததில் 110 மாட்டின. அடுத்த ஆண்டே கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்னும் பாதுகாப்பு ஆய்வுக் குழு இதை வைத்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே கைப்பற்றிக் காட்டியது. இது சிலிக்கானில் இருக்கும் குறை, ஆன்டிவைரஸை நம்பி உட்கார முடியாது.

சரி, சோதிப்பது எப்படி? ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 13-ஆவது சோதனைதான் ஹாமர் டெஸ்ட். நேரம் எடுக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். வரிசையை அதிவேகத்தில் திரும்பத் திரும்பத் திறந்தால் மட்டும் பிட் மாறுகிறது என்றால் பிழையாகக் காட்டாமல் வெறும் குறிப்பாகத்தான் சொல்லும், அதையும் படியுங்கள். பிழையே வந்தால் ராமை மாற்றுங்கள், அதில் பேரம் வேண்டாம். குறிப்பு மட்டும் வந்தால் கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, உள்ளே ரோஹாமர் என்றோ, ராமை இருமடங்கு அடிக்கடி புதுப்பிக்கும் 2எக்ஸ் ரெஃப்ரெஷ் என்றோ அமைப்பு இருந்தால் இயக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்4-க்கு மாறினால் தீர்ந்தது என்று கடையில் சொல்வார்கள். அதில் வைத்த ரோஹாமர் தடுப்பையும் 2020-இல் தாண்டிக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம், திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு லேப்டாப்போடு ரயிலில் போய்வருபவர்களுக்கு ஒன்று. மின்சாரம் நின்றதும் ராம் உடனே அழிவதில்லை, குளிர்வித்தால் நிமிடக்கணக்கில் தாங்கும். வட்டில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த சாவியை அதிலிருந்து எடுக்க முடியும் என்று 2008-இலேயே பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் ஸ்லீப்பில் போட்டுப் பையில் வைக்காதீர்கள், முழுவதும் அணைத்துவிடுங்கள். விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கருக்குத் தொடக்கத்திலேயே பின் எண் (PIN) கேட்கும்படி வையுங்கள்.