மடுவுக்குப் போகிறீர்களா? கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் மாதா திருத்தலம் மடு. வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் காலையில் வான் பிடித்து மடுவுக்கு வந்து, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு பிடி மடு மண் எடுத்துக்கொண்டு, மத்தியானமே திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பாதி மடுவைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதி காட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது.

பண்டிவிரிச்சான், தட்சணாமருதமடு, பாலம்பிட்டி, இரணை இலுப்பைக்குளம் என்று குளத்தை நம்பி வாழும் சிற்றூர்கள் இவை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காடு. நகரத்துப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சனம்) போல எல்லாரும் ஒரே மணியோசைக்கு எழும்பி வரமுடியாது. அதனால் சிறிய கோயில்களுக்குச் சுவாமி, அதாவது பங்குக் குருவானவர், முறைவைத்து வந்து பூசை வைப்பார். அவர் வராத நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னின்று செபம் சொல்வார். கோயில் முற்றத்தைக் கூட்டுவதும் திருநாளுக்குச் சோடிப்பதும் ஊராரின் பொறுப்பு.

இந்தக் காட்டுக்குள் ஏன் கோயில் வந்தது? ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே ஒளிந்தன என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஒளிந்த இடமே திருத்தலமாயிற்று. 1924இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள். போருக்குப் பயந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள்மேல் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டி என்ற ஊருக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது. சுற்றியுள்ள ஊர்ச் சனமும் அப்படி அலைந்தவர்கள்தான். போரைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்காதீர்கள். திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். சொல்ல நினைப்பதை அவர்களே சொல்வார்கள். கமராவை வெளியே எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யூலை 2, ஆகஸ்ட் 15 திருநாள்களில் சிங்களவரும் தமிழருமாகச் சனம் வெள்ளமாய் வரும். கூடாரம் போட்டுச் சமைத்துத் தங்குவது தனி அனுபவம், ஆனால் அப்போது ஊர்களைப் பார்க்க முடியாது. காலபோக (பெரும்போக) நெல் அறுவடை முடிகிற மாசி, பங்குனிதான் நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. காட்டு ரோட்டுகள் சேறாகிவிடும். யூனில் போனால் பாலைப்பழம் கிடைக்கும். மஞ்சளாய், சின்னதாய், நல்ல தித்திப்பு. பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும், பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. பழம் பொறுக்கக் கரடியும் வரும் என்பதால் ஊரவர் துணையில்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். பழகிய பாதையை விட்டு விலகவும் கூடாது.

கொழும்பிலிருந்து தலைமன்னார் ரயிலில் ஏறினால் மடு றோட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கோயிலுக்கு ஓட்டோ உண்டு. ஊர்களுக்கும் அதே ஓட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், இடையில் வேறு கிடைப்பது கஷ்டம். தோளும் முழங்காலும் மறைகிற உடை, தண்ணீர், சில்லறைக் காசு இருக்கட்டும். உதவி செய்ய மனமிருந்தால் வழியில் காசு கொடுக்காமல் பங்குத்தந்தையிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பாட்டன் பாட்டியின் ஞானஸ்நான, விவாகப் பதிவு தேடுகிறவர்கள் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றை எழுதிக்கொண்டு போகவேண்டும். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய பதிவென்றால் இரண்டு ஆயர் இல்லங்களிலும் விசாரியுங்கள். பங்கில் கேட்பதானால் காலையிலேயே போய்விடுங்கள். பொழுதுபட்டால் ரோட்டில் யானை நிற்கும்.