பழைய ஓஎஸ், புதிய சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலையில் முடிந்தது. 2008 ஆர்2-வுக்கு 2020 ஜனவரியில். ஆனாலும் அவற்றில் மட்டுமே ஓடும் மென்பொருள் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. பழைய பெட்டி படுத்துவிட்டால் புது சர்வர் வந்து இறங்கும். முதல் தவறும் அன்றைக்கே நடக்கும்: பழைய சிடியைப் போட்டு நேரடியாக நிறுவப் பார்ப்பது.

2003 சிடிக்கு ஏஹெச்சிஐ தெரியாது, என்விஎம்இ தெரியாது; இரண்டும் டிஸ்க்கோடு பேசும் புதிய முறைகள். நிறுவல் பாதியில் நீலத்திரை வரும்: ஸ்டாப் 7பி. பலர் டிஸ்க்கைச் சந்தேகித்து மாற்றிப் பார்க்கிறார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதோடு பேசத் தெரிந்த டிரைவர்தான் இல்லை. ஸ்டாப் ஏ5 வந்தால் கதை வேறு. பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) தரும் ஏசிபிஐ அட்டவணை (வன்பொருள், மின்சாரம் பற்றிய விவரப் பட்டியல்) ஓஎஸ்ஸுக்குப் பிடிபடவில்லை என்று பொருள், டிஸ்க் டிரைவர் சேர்த்தால் தீராது. அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு ஹைப்பர்வைசருக்கு, அதாவது சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளுக்குப் போய்விடுங்கள்.

2008 ஆர்2 கொஞ்சம் இறங்கி வரும். நிறுவல் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடந்தால் காரணம் யூஎஸ்பி 3 டிரைவர் இல்லாததுதான். நிறுவல் கோப்புகளைத் திருத்தும் டிஸ்ம் கருவியால் அதைச் சேர்க்கும்போது, நிறுவல் திரையை ஓட்டும் பூட்.விம் கோப்பின் இரண்டு இண்டெக்ஸிலும் (உள்ளிருக்கும் தனித்தனி இமேஜ்கள்), இன்ஸ்டால்.விம்மில் நிறுவப்போகும் பதிப்பிலும் சேர்க்க வேண்டும். பூட்.விம்மோடு நிறுத்திக்கொண்டால் நிறுவல் முடிந்து முதல்முறை லாகின் திரை வரும்போது கீபோர்டு மறுபடி செத்திருக்கும். என்விஎம்இ வேண்டுமானால் மைக்ரோசாஃப்டின் கேபி 2990941 திருத்தத்தையும் அதே வழியில் நுழைக்கலாம். யூஈஎஃப்ஐயில் (பயாஸுக்குப் பின் வந்த தொடக்க மென்பொருள்) சிஎஸ்எம் (பழைய பயாஸ் போல நடக்கும் வசதி) இல்லாத சர்வர் என்றால் 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' திரையிலேயே உறைந்துவிடும், ஏனென்றால் இந்த ஓஎஸ் பழைய விஜிஏ பயாஸைத் தேடுகிறது. 4கே நேட்டிவ் டிஸ்க்கும் (4,096 பைட் செக்டார் மட்டுமே உள்ளது) ஆகாது. விண்டோஸில் அதற்கான ஆதரவு சர்வர் 2012-இல்தான் வந்தது.

சரி, விர்ச்சுவல் மெஷினுக்கு வந்தாயிற்று. இங்கேதான் அடுத்த தவறு, எங்கள் கணிப்பில் மிகப் பரவலானதும் இதுதான்: பழைய ஓஎஸ்ஸுக்குப் புத்தம்புது மெய்நிகர் வன்பொருளைக் கொடுப்பது. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் கியூ35 என்ற மெய்நிகர் மதர்போர்டு மாடலைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு) இல்லை, ஏஹெச்சிஐதான். அதே ஸ்டாப் 7பி திரும்பி வரும். 2003-க்குப் பழைய ஐ440எஃப்எக்ஸ் மாடல், யூஈஎஃப்ஐக்குப் பதில் சீபயாஸ் (மெய்நிகர் பயாஸ்), ஐடிஇ டிஸ்க், ஆர்டிஎல்8139 நெட்வொர்க் கார்டு. எல்லாமே அதன் காலத்துச் சாமான்கள், டிரைவர் தேட வேண்டியதில்லை.

ஐடிஇ மெதுவாக இருக்கிறது என்று பூட் டிஸ்க்கை நேராக விர்ட்ஐஓவுக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்த வேகமான இணைப்பு முறை) மாற்றிவிடக் கூடாது. முதலில் 1 ஜிபி அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவாகச் சேருங்கள். பூட் செய்தால் புதிய வன்பொருள் என்று கேட்கும். 2003-க்கான டிரைவரைக் கொடுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இல்லை என்று பார்த்தபின் அணைத்து, அந்த வெற்று டிஸ்க்கைக் கழற்றி, பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். இமேஜ் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு செய்தால் மனம் நிம்மதி.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக நகல் எடுப்பவர்கள் நகலுக்கு முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும்: ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) ஏடிஏபிஐ, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ என்ற ஐடிஇ டிரைவர் சேவைகளின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி (பூட்டின்போதே ஏற்றச் சொல்வது), அவற்றின் டிரைவர் கோப்புகள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டி செத்தபிறகு இதையே ஆஃப்லைனில் செய்வது இருமடங்கு வேலை.

எட்டு விசிபியூ (மெய்நிகர் பிராசசர்) கொடுத்தும் நான்குதான் தெரிகிறதா? 2003 ஸ்டாண்டர்ட் நான்கு சாக்கெட்டுக்கு (பிராசசர் சிப் பொருத்தும் இடம்) மேல் ஏற்காது. எட்டு சாக்கெட் என்று காட்டாமல், ஒரே சாக்கெட்டில் எட்டு கோர் என்று விர்ச்சுவல் மெஷினின் டோபாலஜியில் (பிராசசர் அமைப்பு) எழுதுங்கள். ரேமும் அப்படித்தான்: 32 பிட் ஸ்டாண்டர்டுக்கு 4 ஜிபிதான் உச்சம், மிச்சம் வீண்.

கண்ணுக்குத் தெரியாமல் வேகத்தைத் தின்னும் ஒன்று உண்டு. 2003 முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்குகிறது. 63 × 512 = 32,256 பைட்; 4,096-ஆல் மீதியின்றி வகுபடாது. 4கே செக்டார் டிஸ்க்கில் எழுதும்போது சேமிப்பகம் அடிக்கடி முதலில் படித்து, திருத்தி, பிறகு எழுத வேண்டியிருக்கும். நிறுவுவதற்கு முன்பே புதிய வின்பிஇயில் (நிறுவலுக்கான சிறு விண்டோஸ்) பூட் செய்து, டிஸ்க்பார்ட் கருவியில் 'அலைன்=1024' கொடுத்துப் பார்ட்டிஷனை உருவாக்கிவிடுங்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் சோம்பல் ஆபத்து. 2003-க்கு எஸ்எம்பி1 (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பு) மட்டுமே தெரியும் என்பதற்காகப் புதிய ஃபைல் சர்வரிலும் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான். அப்போது 2003-க்கும் கேபி 4012598 திருத்தம் வெளியானது, அதை நிறுவுங்கள். ஆனாலும் மெஷினைத் தனி விலேனில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதி) பூட்டி வையுங்கள். வெப் பயன்பாடு என்றால் முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலை சர்வர்) ஒன்றை வைத்து, டிஎல்எஸ் 1.2 குறியாக்கத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், 2003-க்கு 1.0 வரைதான் வரும்.

லினக்ஸ் பக்கம் ஒன்றே ஒன்று. பழைய லினக்ஸான சென்ட்ஓஎஸ் 6-இன் கண்டெய்னர் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் தனிப்பெட்டி) புதிய கெர்னலில் தொடங்கியதும் 139 என்ற எண்ணோடு செத்தால் இமேஜைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம். பழைய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) கேட்கும் விசிஸ்கால் வசதி (சில கெர்னல் அழைப்புகளை விரைவாகச் செய்யும் பழைய வழி) ஹோஸ்ட் கெர்னலில் அடைபட்டிருக்கும். ஹோஸ்டின் பூட் வரியில் 'விசிஸ்கால்=எமுலேட்' சேர்த்து ரீபூட் செய்யுங்கள்; கண்டெய்னருக்குள் எதை மாற்றினாலும் பலனில்லை.