சம்பளம் வாங்காத பொருளாளரையும் பாலிசியில் சேர்ப்பது எப்படி

நியூஜெர்சியில் எங்கள் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு நான்கு வருஷம் பொருளாளராக இருந்தேன். முதல் வருஷப் பொங்கல் விழா முடிந்த இரவு, உணவுக்கடை வசூல் முழுக்க ஒரு இட்லிக் குண்டானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பாதி ஒரு டாலர் நோட்டு, அதில் பாதி சட்னி. எண்ணி முடித்தால் 4,310 டாலர். இது என் காரிலோ வேறு யாராவது காரிலோ காணாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் யோசித்தேன். முந்தைய பொருளாளர் கொடுத்த நீல ஃபைலைத் திறந்து, அதிலிருந்த கிரைம் பாலிசியை, அதாவது திருட்டு, கையாடலில் போகும் பணத்துக்கான காப்பீட்டை, முதல் முறையாக வரிவரியாகப் படித்தேன்.

பணியாளர் திருட்டுக்கு 25,000 டாலர் வரை காப்பு என்று போட்டிருந்தது. சரி, யார் பணியாளர்? சம்பளமாகவோ கூலியாகவோ கமிஷனாகவோ நீங்கள் நேரடியாகக் காசு கொடுத்து, நீங்கள் சொல்கிறபடி வேலை செய்பவர். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் உட்பட ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பல வருஷமாகப் பிரீமியம் கட்டி, கிட்டத்தட்ட யாரையும் தொடாத ஒரு காப்பை வைத்திருந்தோம்.

நீங்களும் இதே நிலையில் இருக்கலாம். முதலில் உங்கள் பாலிசியில் வரையறைகள் என்ற பகுதிக்குப் போய் ‘பணியாளர்’ என்பதைத் தேடுங்கள். அமெரிக்காவில் பல கம்பெனிகள் ஐஎஸ்ஓ (இன்ஷூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ்) என்ற காப்பீட்டுத் துறை அமைப்பு வகுத்த வாசகத்தையோ, அதை ஒட்டி எழுதியதையோதான் பயன்படுத்துகின்றன. அதில் இயக்குநர்களுக்கு (போர்டு உறுப்பினர்களுக்கு) மட்டும் ஒரு சந்து உண்டு. வழக்கமாக ஒரு பணியாளர் செய்யும் வேலையை அவர்கள் செய்யும்போதும், தீர்மானம் போட்டு நியமித்த குழுவில் குறிப்பிட்ட ஒரு காரியத்தைச் செய்யும்போதும் பணியாளராகக் கருதப்படுவார்கள். இயக்குநர் அல்லாத கேன்டீன் குழுக்காரருக்கு அந்தச் சந்தில் இடமில்லை. லாபநோக்கற்ற அமைப்புகளுக்கென்றே எழுதப்படும் சில பாலிசிகளில் தன்னார்வலர்கள் ஏற்கெனவே சேர்ந்திருப்பார்கள். அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது.

நிர்வாகிகள் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதே என்று எங்கள் செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அது நம் முடிவுக்காக யாராவது நம்மீது வழக்குப் போட்டால் கைகொடுக்கும். நம் கணக்கிலிருந்து போன பணத்தைத் திருப்பித் தராது.

பாலிசி வாங்கித் தந்த காப்பீட்டுப் புரோக்கரிடம் சேர்க்கச் சொல்லிக் கேட்கும்போது ‘தன்னார்வலர்களையும் சேர்த்துவிடுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். இவை தனித்தனி என்டார்ஸ்மென்ட்கள், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்புகள்: ஊதியம் பெறாத நிர்வாகிகளுக்கு ஒன்று, குறிப்பிட்ட குழுக்களின் தலைவர், உறுப்பினர்களுக்கு ஒன்று, பொதுவான தன்னார்வலர்களுக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஒரு முள் இருக்கிறது. நன்கொடை திரட்டப் போகிறவர்களை அது வழக்கமாக விட்டுவிடும். எங்களுக்கோ தீபாவளிக்கு முன் கடை கடையாக ஏறி ஸ்பான்சர் காசோலை வாங்குபவர்கள்தான் ஆபத்தான இடம். அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

குழுக்களுக்கான என்டார்ஸ்மென்டில் ஒரு அட்டவணை இருக்கும். குழுவின் பெயர் அதில் இருக்க வேண்டும். நாங்கள் செயற்குழு, விழாக் குழு, கேன்டீன் குழு, நூலகக் குழு என்று கொடுத்தோம். அடுத்த மார்ச்சில் ஆண்டு விழாவுக்காக ஒரு திடீர்க் குழு முளைத்தது. அட்டவணையில் அது இல்லை. அதிலிருந்து, எந்தக் குழு அமைத்தாலும் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றி, அன்று மாலையே புரோக்கருக்கு மின்னஞ்சல் அனுப்புவதை வழக்கமாக்கினோம்.

தொகையை எவ்வளவு வைப்பது? எங்கள் கணக்கு செப்டம்பரில், கட்டணம் வந்து சேரும்போது உச்சத்தில் இருக்கும். அந்த வருஷம் 38,000 டாலர். ஒருவரே மூன்று வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாலும் அதை ஒரே சம்பவமாகத்தான் கணக்கிடுவார்கள், வருஷத்துக்கு ஒரு வரம்பு கிடைக்காது. அதனால் 50,000 என்று ஏற்றினோம். ஆண்டு விழாச் சமோசாச் செலவை விடக் குறைவாகத்தான் பிரீமியம் கூடியது.

விண்ணப்பத்தில் கேள்விகள் வரும். காசோலையில் இரண்டு கையெழுத்தா? வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் கையெழுத்துப் போடுபவரும் வேறு வேறு ஆட்களா? உண்மையை மட்டும் எழுதுங்கள். இரண்டு கையெழுத்து என்று எழுதிவிட்டு, செயலாளர் ஊருக்குப் போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனால், உரிமை கோரும்போது அதுவே கழுத்தில் விழும். எங்களிடம் இருந்த ஓட்டை வேறு. விழாவில் கேன்டீன் மேசையில் ஒட்டியிருந்த ஸெல் (Zelle, வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் வசதி) கியூஆர் கோடு பள்ளியுடையதல்ல, அங்கே நின்ற தன்னார்வலரின் சொந்தக் கணக்கு! பள்ளிக் கோடு அச்சாகவில்லை, அவசரத்துக்குத் தன்னுடையதை ஒட்டிவிட்டார். மறுநாளே முழுத் தொகையையும் அனுப்பியும்விட்டார். ஆனாலும் எவ்வளவு வந்தது என்பதற்கு அவர் வார்த்தையைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. டோக்கன் எண்ணிக்கைக்கும் வசூலுக்கும் இடித்தது என்ற கணக்கை மட்டும் காட்டி இழப்பீடு வாங்க முடியாது. பணம் எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டும். இப்போது டோக்கன் விற்பவர் ஒருவர், பணம் எண்ணுபவர்கள் இருவர், எண்ணிய தாளில் இருவர் கையெழுத்து.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் நேர்மையற்ற காரியம் செய்தார் என்பது நிர்வாகிகளுக்குத் தெரிந்த நொடியிலிருந்து, அவருக்கான காப்பு தானாகவே நின்றுவிடும். அவர் உங்களிடம் சேருவதற்கு முன் வேறிடத்தில் செய்ததாக இருந்தாலும் அப்படித்தான். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் ஒருவர் பணத்தைக் கையாடி, பிறகு திருப்பிக் கட்டிவிட்டார். ‘நம்ம ஆளுதானே, குடும்பம் இருக்கு, விடுங்க’ என்று பெரியவர்கள் மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவரே மறுபடி பொருளாளர். அந்தச் சங்கம் எத்தனை என்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தாலும் அந்த ஒரு மனிதர் விஷயத்தில் அது வெறும் காகிதம். மன்னிப்பதானால் மன்னியுங்கள், பணப்பெட்டியை மட்டும் கொடுக்காதீர்கள். அப்புறம், தொகை பெரிதென்றால் மூடவும் முடியாது. வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் அறிக்கையான படிவம் 990-ஐ முழு வடிவில் தாக்கல் செய்யும் அமைப்பு, கையாடல் 2,50,000 டாலர், மொத்த வரவில் 5 சதவீதம், மொத்தச் சொத்தில் 5 சதவீதம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதைத் தாண்டினால் அதைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும்.

இழப்பு தெரிந்தால் அன்றே புரோக்கருக்கு எழுதுங்கள். ஐஎஸ்ஓ வாசகப்படி சான்றுகளுடன் கணக்குக் கொடுக்க 120 நாள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு விவாதிப்பதை மட்டும் தவிருங்கள்.

என்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. அட்டவணையில் குழுப் பெயர்கள் சரியா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் பிரதியில் நூலகக் குழு இருந்தது, கேன்டீன் குழு இல்லை.