ரெட்ரோ கீபோர்டு வாங்கும் முன் விரலைக் கேளுங்கள்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கீபோர்டு தூங்குகிறது. வட்ட வட்டமான கீ, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம், பழைய தட்டச்சு இயந்திரத்தைச் சுருக்கி வைத்த மாதிரி. படத்தைப் பார்த்த அன்றே ஆர்டர் போட்டுவிட்டேன். வந்த அன்று ஒரு மின்னஞ்சல் அடிக்க உட்கார்ந்தால், விரல் கீயின் மேல் விழுந்ததைவிட இரண்டு கீக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுந்ததுதான் அதிகம். சதுரக் கீயில் விரல் கொஞ்சம் மூலையில் பட்டாலும் எழுத்து விழுந்துவிடும், வட்டத்தில் அந்த மூலையே கிடையாது. போதாததற்கு வளையத்தின் விளிம்பு விரல் நுனியில் உரசிக்கொண்டே இருந்தது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிப் பார்த்தேன், அப்புறம் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன்.

ரெட்ரோ என்கிற ஒரே பெயரில் மூன்று தனித்தனி விஷயங்களை விற்கிறார்கள். பழைய தோற்றம், பழைய சத்தம், விரலுக்குப் பழைய உணர்வு. மூன்றும் ஒரே கீபோர்டில் சேர்ந்து வருவது அபூர்வம். எது இல்லாமல் இருக்க முடியாது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் படத்தில் தெரிவது முதலாவது மட்டும்தான்.

விவரக் குறிப்பில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது பெரும்பாலும் சாதாரண ரப்பர் மெம்பிரேன் கீபோர்டு (கீக்களுக்கு அடியில் ரப்பர் குமிழ்களும் அவை அழுத்துகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும்தான் இருக்கும்), மேலே பழைய சட்டை போட்டிருக்கும், அவ்வளவுதான். நிஜமான மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், அது எந்த சுவிட்ச் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். பெயர் சொல்லாதவர்களிடம் கேளுங்கள், கேட்டும் பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பழைய உணர்வு என்று பலரும் பெருமூச்சு விடுவது 1985-ல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டை நினைத்துத்தான். அதில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு சுருள்வில் நிற்கும். அழுத்த அழுத்த வில் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் பக்கவாட்டில் மடங்கிச் சுற்றியிருக்கிற குழாயின் சுவரில் டக்கென்று மோதும், அதே நேரத்தில் வில்லின் காலடியில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டு சாய்ந்து கீழே அழுத்த, எழுத்து பதிவாகிவிடும். சத்தமும், விரலுக்குத் தெரிகிற அந்தச் சறுக்கலும், எழுத்தும் ஒன்றாகவே வந்து சேரும், அதனால்தான் திரையைப் பார்க்காமலேயே அடித்தது விழுந்ததா என்று கைக்குத் தெரிகிறது. (வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டு அழுத்துவதும் ஒரு மெம்பிரேனைத்தான். மெம்பிரேன் என்றாலே மட்டம் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) இதே முறையில் இன்றும் புதிதாகச் செய்துதருகிற நிறுவனம் யூனிகாம்ப், அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கிறது. உணர்வுதான் முக்கியம், அழகு இரண்டாம்பட்சம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

மற்ற புது ரெட்ரோ கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச், அல்லது அதைப் பார்த்துச் செய்த சுவிட்ச். நிறத்தை வைத்துப் பேசுவார்கள். நீலம் க்ளிக் சத்தம் போடும். பழுப்பு சத்தமில்லாமல் நடுவில் ஒரு சின்னத் தடையை மட்டும் காட்டும். சிவப்பு தடையே இல்லாமல் நேராக இறங்கும். தட்டச்சு இயந்திரத்தின் நினைவுக்காக வாங்குபவருக்குச் சிவப்பு சப்பென்று இருக்கும். பழுப்பில் அந்தத் தடை ரொம்ப மெலிது, எனக்குப் பாதி நேரம் அது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். நீலம் நல்ல தேர்வு, ஆனால் அதன் க்ளிக் கொஞ்சம் கிலுகிலுப்பை மாதிரி. கெய்ல் பாக்ஸ் ஒயிட் மாதிரி சுவிட்சுகளில் சத்தத்துக்கென்றே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, அந்த க்ளிக் இன்னும் கூர்மையாகக் கேட்கும். 8பிட்டூ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ரெட்ரோ கீபோர்டில் இந்த வகையைத்தான் போட்டார்கள். படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. நான்கைந்து சுவிட்சுகளை ஒரு சின்னப் பலகையில் பொருத்தி விற்கிறார்கள், அதை வாங்கியோ நண்பர் கீபோர்டில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தோ முடிவு செய்யுங்கள். ஒற்றைக் கீயை அழுத்திப் பார்ப்பதும் ஒரு பத்தி அடிப்பதும் வேறு வேறு அனுபவம்.

உங்களுக்குச் சங்கீதமாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு ஆலங்கட்டி மழை. அழைப்பில் பேசிக்கொண்டே குறிப்பு எடுக்கிற ஆள் என்றால் மைக் அத்தனை டக்டக்கையும் அள்ளிக்கொண்டு போகும். இதில் தயக்கம் இருந்தால் ஹாட் ஸ்வாப் என்று போட்டிருக்கிற மாடலைத் தேடுங்கள். சுவிட்சைப் பற்றவைத்திருக்க மாட்டார்கள், கிடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். 3 முள் சுவிட்ச், 5 முள் சுவிட்ச் என்று இரண்டு உண்டு. 5 முள் ஏற்கிற பலகையில் இரண்டும் போகும், 3 முள் பலகையில் 5 முள் சுவிட்சைப் போட வேண்டுமென்றால் கூடுதலாக இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து கீகேப், அதாவது விரல் படுகிற அந்த மூடி. ஏபிஎஸ், பிபிடி என்று இரண்டு பிளாஸ்டிக். ஏபிஎஸ் சில மாதத்திலேயே விரல் அதிகம் படுகிற இடத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்க ஆரம்பிக்கும், ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் படுகிற இடம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிபிடி சொரசொரப்பாக ரொம்ப நாள் இருக்கும், பழைய கீபோர்டின் அந்த உலர்ந்த ஸ்பரிசமும் அதில்தான் வரும். எழுத்து எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மேலே அச்சடித்தது தேய்ந்துபோகும், இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்த டபுள் ஷாட் தேயவே தேயாது, சாயத்தை உள்ளே இறக்குகிற டை சப்ளிமேஷன் கிட்டத்தட்ட அதே உறுதி. கீயின் தலை குழிந்திருக்கிறதா, வரிசைக்கு வரிசை உயரம் மாறுகிறதா என்று பக்கவாட்டுப் படத்தில் தெரியும். எஸ்ஏ என்கிற குழிந்த கீகேப் வகை பார்க்க அச்சு அசலாக அந்தக் காலம், ஆனால் உயரம். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு தாங்கல் இல்லாமல் நாள் முழுக்க அடித்தால் வலிக்கும்.

வட்டக் கீ ஆசை போகவே இல்லையா? சரி, சாதாரணக் கீயோடு ஒரு கீபோர்டு வாங்கிக்கொண்டு வட்ட மூடிகளைத் தனியாக வாங்கி மாட்டிப் பாருங்கள், சுவிட்சின் தண்டு பிளஸ் வடிவத்தில் இருந்தால் பெரும்பாலும் பொருந்தும். பிடிக்கவில்லையென்றால் நஷ்டம் மூடிகளோடு போகும்.

அளவில் பெரிய குழப்பம் இல்லை. கணக்கு வேலை செய்பவர்கள் வலப்பக்க எண் பகுதியோடு முழு அளவு வாங்கலாம், மற்றவர்களுக்கு அது இல்லாத 87 கீ போதும். அதற்கும் கீழே போனால் அம்புக்குறி, எஃப் வரிசை என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கவனிக்க வேண்டியது கடைசி வரிசையைத்தான். ஸ்பேஸ் பார் சாதாரண எழுத்துக் கீயைப் போல் 6.25 மடங்கு அகலம் இருப்பதுதான் வழக்கம். தோற்றத்துக்காக அதைக் கூட்டிக் குறைத்திருந்தால் பின்னாளில் வேறு கீகேப் செட் வாங்கும்போது அந்த ஒரு வரிசைக்கு மட்டும் எதுவும் பொருந்தாமல் திண்டாடுவீர்கள்.

அந்த ஸ்பேஸ் பாரையே வைத்து கீபோர்டின் தரத்தைச் சொல்லிவிடலாம். நீளமான கீக்கள் சாயாமல் இறங்க ஸ்டெபிலைசர் என்று ஒரு கம்பி இருக்கும். மட்டமான கீபோர்டில் அது லொடலொடவென்று ஆடும், மற்ற கீயெல்லாம் டொக் டொக் என்று கம்பீரமாகப் பேசும்போது ஸ்பேஸும் என்டரும் மட்டும் தகர டப்பா. வாங்கும் முன் அந்த மாடலில் யாராவது அடிக்கிற வீடியோவைத் தேடி, இயர்போன் போட்டு, ஸ்பேஸ் பாரை மட்டும் கேளுங்கள்.

வயர்லெஸ் வேண்டுமென்றால் புளூடூத்தோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் (கணினியின் யூஎஸ்பியில் செருகுகிற சின்னத் துண்டு) தருகிற மாடல் நல்லது. புளூடூத் சற்று நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், எழுந்திருக்கிற நேரத்தில் முதல் எழுத்தைச் சில சமயம் விழுங்கிவிடும். கேபிள் போதும் என்றால் இந்தக் கவலையெல்லாம் இல்லை. கீயின் வேலையை மாற்றியமைக்க கியூஎம்கே அல்லது வியா என்கிற மென்பொருளின் ஆதரவு இருந்தால் கூடுதல் லாபம்.

நிஜமாகவே பழைய மாடல் எம் ஒன்று யாரிடமாவது கிடைக்கிறது என்றால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 2 கிலோவுக்கு மேல் கனம், பழையவற்றில் விண்டோஸ் கீ கிடையாது, சில மூன்று கீக்களைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது, அதனால் விளையாட்டுக்குச் சரிப்படாது. பிஎஸ்/2 என்கிற பழைய வட்ட முனை உள்ளதை யூஎஸ்பியில் மாட்ட உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும், சும்மா முனையை மட்டும் மாற்றுகிற மலிவுத் துண்டில் அது உயிர் பெறாது. முக்கியமாக, உள்ளே தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஆணிகள் வயதாகி உடையும். கையில் எடுத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், உள்ளே மணி மணியாக ஏதாவது உருண்டால் அவைதான். போல்ட் போட்டுச் சரிசெய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

புதியதோ பழையதோ, கைக்கு வந்ததும் கீ சோதிக்கிற தளம் ஒன்றைத் திறந்து எல்லாக் கீயையும் ஒருமுறை அழுத்துங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் இருபது முறை மெதுவாகத் தட்டி எண்ணுங்கள். இருபதுக்கு இருபத்தொன்று விழுந்தால் அந்த சுவிட்ச் இரட்டிக்கிறது, நாளாக ஆக மோசமாகும். ஹாட் ஸ்வாப் என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதற்காகத்தான் பெட்டியை அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன். என் வட்டக் கீ கீபோர்டின் பெட்டியை நான் வந்த அன்றே கிழித்துவிட்டேன்.