லூப்பை வெக்டர் ஆக்கினால் லாபமா? செலவைக் கையால் போட்டுப் பார்க்கும் முறை

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் பெட்டி பெட்டியாகப் பில் போட வேண்டும். புரோகிராமில் அது ஒரே வரி:

தொகை[இ] = எடை[இ] × விலை[வகை[இ]]

வகை என்பது வஞ்சிரத்துக்கு 0, சங்கராவுக்கு 1, கானாங்கத்தைக்கு 2 என்று போகும் 32 பிட் முழு எண். மற்ற மூன்றும் 32 பிட் ஃப்ளோட் (தசம எண்). எல்லாப் பெட்டிக்கும் இந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் லூப். அதை எட்டெட்டாக ஓட்டுவதா (இதுதான் வெக்டர் ஆக்குவது), ஒவ்வொன்றாக விடுவதா என்று, புரோகிராமை மெஷின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் எப்படி முடிவு செய்கிறது?

கம்பைலர் தரும் காஸ்ட் (செலவு) எண் நேரம் அல்ல. கிளாங் போன்ற கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மில், லூப்பை வெக்டர் ஆக்கும் பகுதியான லூப் வெக்டரைசர் எடுப்பது த்ரூபுட் செலவு, அதாவது வேலை தொடர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு. ஒரே லூப்பின் இரண்டு வடிவங்களை எடை போட மட்டுமே அது பயன்படும். லேட்டன்சிக்கும் (ஒரு விடை வரக் காத்திருக்கும் நேரம்) கோட் அளவுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது; கலந்தால் எல்லாம் தப்பாகும்.

ஒற்றை வடிவத்தை முதலில் எண்ணுங்கள். ஒரு பெட்டிக்கு மூன்று லோடு (மெமரியிலிருந்து எடுப்பது), ஒரு பெருக்கல், ஒரு ஸ்டோர் (மெமரியில் எழுதுவது): மொத்தம் 5. லூப் எண்ணைக் கூட்டி ஒப்பிடும் செலவை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அடுத்து ஏவிஎக்ஸ்2, அதாவது எக்ஸ்86 சிப்களின் 256 பிட் வெக்டர் கட்டளைத் தொகுப்பு. அதில் அகலம் 8: ஒரே தடவையில் எட்டு ஃப்ளோட். எடையை ஒரே லோடில் எடுக்கலாம். பெருக்கல் 1, ஸ்டோர் 1. சிக்கல் விலையில்தான், ஏனென்றால் எட்டு விலைகளும் மெமரியில் வெவ்வேறு இடத்தில் கிடக்கின்றன. கேதர் (சிதறிக் கிடப்பதை ஒரே கட்டளையில் திரட்டுவது) இல்லாமல் செய்தால் வகை எண்ணுக்கு 8 லோடு, விலைக்கு 8 லோடு. அவற்றை ஒரே ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்களை வைக்கும் இடம்) சேர்க்க 7 இன்ஸ்ட்ரக்‌ஷன்: பாதிக்கு மூன்றாக 6 இன்ஸர்ட், இரண்டு பாதியையும் ஒட்ட 1. கூட்டினால் 26, எட்டால் வகுத்தால் பெட்டிக்கு 3.25. ஐந்தை விடக் குறைவு, ஆகவே லாபம்.

இங்கேயே நின்றுவிடாதீர்கள். இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் ஒரு சைக்கிளுக்கு இரண்டு லோடுதான் போகும். எட்டுப் பெட்டிக்கு ஒற்றை வடிவத்தில் 24 லோடு, அதாவது 12 சைக்கிள். வெக்டர் வடிவத்தில் 17 லோடு, 8.5 சைக்கிள். எண்ணிக்கை 1.54 மடங்கு வேகம் என்றது. லோடு போகும் வழிகளை (போர்ட்) வைத்துப் போட்ட இந்தக் கணக்கு 1.41 மடங்குதான் தருகிறது. இதுவும் தரவு முழுக்க எல்1 கேஷில் (சிப்புக்குள் இருக்கும் மிக வேகமான சிறு மெமரி) இருந்தால்தான். எத்தனை சைக்கிள் ஆகும் என்று மதிப்பிடும் எல்எல்விஎம்-எம்சிஏ கருவியும் அப்படியே வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது.

கேதர் இன்ஸ்ட்ரக்‌ஷனை நம்பும் முன் எந்த சிப் என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் வெளிவந்த டவுன்ஃபால் பாதுகாப்புக் குறைக்கு இன்டெல் கொடுத்த மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தம், பாதிக்கப்பட்ட சிப்களில் கேதரை மெதுவாக்கிவிட்டது. கம்பைலரின் செலவு அட்டவணைக்கு உங்கள் மெஷினில் எந்த மைக்ரோகோடு ஓடுகிறது என்று தெரியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐந்து சதவீதக் கழிவுக்காக எடை[இ] × 0.05 என்று எழுதி, எண்ணின் பின்னால் ஃப்ளோட் குறியான ‘எஃப்’ போடாமல் விடுவது. அப்போது அந்த 0.05 டபுள் ஆகிவிடும். எட்டு ஃப்ளோட் ஒரே ரிஜிஸ்டரில் இருந்தது. டபுள் நான்குதான் கொள்ளும். மேல் பாதியைப் பிரிக்க 1, டபுளாக மாற்ற 2, பெருக்க 2, திரும்ப ஃப்ளோட்டாக்க 2, சேர்க்க 1. ஒரு பெருக்கல் இருந்த இடத்தில் எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன், ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனதால்.

புராசஸர் வகையைச் சொல்லாமல் கம்பைல் செய்தால் 64 பிட் எக்ஸ்86-க்கு 128 பிட் கொண்ட பழைய தொகுப்பான எஸ்எஸ்இ2 மட்டுமே கிடைக்கும். அகலம் நான்கோடு நின்றுவிடும். இன்னொன்று, மொத்தத் தொகையை ஃப்ளோட்டில் கூட்டும் லூப் வெக்டர் ஆகவில்லை என்றால் செலவைக் குறை சொல்லாதீர்கள். கூட்டும் வரிசையை மாற்றினால் விடை மாறக்கூடும் என்பதால் ஃபாஸ்ட்-மேத் (வரிசையை மாற்ற விடும் கம்பைலர் ஆப்ஷன்) போன்ற அனுமதி இல்லாமல் கம்பைலர் அதைத் தொடாது.

கம்பைலரின் கணக்கை நேரில் பார்க்க, கிளாங்கில் லூப்-வெக்டரைஸுக்கான ஆர்பாஸ்-அனாலிசிஸ் ரிமார்க்கைப் (-Rpass-analysis=loop-vectorize) போடுங்கள். இன்ஸ்ட்ரக்‌ஷன் வாரியாக வேண்டுமானால் எல்எல்விஎம்மின் ஆப்ட் கருவியில் காஸ்ட்-மாடல் பிரின்ட் பாஸ். ஒவ்வொரு அகலத்துக்கும் என்ன எண் வந்தது என்று காட்டும் டீபக் வெளியீடு, அஸர்ஷன் (உள் சோதனைகள்) போட்டுக் கட்டிய எல்எல்விஎம்மில்தான் வரும்.

மீன் வகை எட்டுக்குள் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. எட்டு விலையும் ஒரே 256 பிட் ரிஜிஸ்டரில் அடங்கிவிடும்; ஏவிஎக்ஸ்2-இன் விபெர்ம்பிஎஸ் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் எட்டுப் பெட்டிக்கும் விலை எடுத்துத் தரும். இரண்டு லோடு, ஒரு பெர்ம்யூட் (அதே விபெர்ம்பிஎஸ்), ஒரு பெருக்கல், ஒரு ஸ்டோர்: எட்டுப் பெட்டிக்கு 5, பெட்டிக்கு 0.625. வகைகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டாது என்பது கம்பைலருக்குத் தெரியாது, ஆகவே இன்ட்ரின்சிக் (சிப் கட்டளையை நேரடியாக அழைக்கும் ஃபங்ஷன்) வைத்து நீங்கள்தான் எழுத வேண்டும். லூப்புக்கு முன்னால் வகை எண்களை ஒருமுறை சோதித்துவிடுங்கள். அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் கடைசி மூன்று பிட்டை மட்டுமே பார்க்கும். ஒன்பதாவதாக மத்தியைச் சேர்த்து அதற்கு 8 என்று எண் கொடுத்தால், எந்த எர்ரரும் வராமல் மத்திக்கு வஞ்சிர விலையில் பில் விழும்.