பழைய மீன் தொட்டி வாங்குனீங்களா, மீன் விடறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

பாண்டி சண்டே மார்க்கெட்டுலயோ வீடு காலி பண்றவங்க கிட்டயோ ரெண்டடி தொட்டி மலிவா கிடைச்சா விட மனசு வராது. நானும் அப்படித்தான் வாங்குனேன், அடியில இருந்த ஈர மணல கூட கொட்டாம வெறும் தண்ணில ரெண்டு தடவ அலசிட்டு அன்னைக்கு சாயந்திரமே பத்து கப்பி மீன் விட்டேன், அஞ்சாவது நாள் வால்ல உப்பு தூவுன மாதிரி வெள்ளைப்புள்ளி, ஒரு வாரத்துல ரெண்டே ரெண்டு தான் மிச்சம். முன்னாடி இருந்த மீன் எதுல செத்துச்சுன்னு விக்கறவங்க சொல்ல மாட்டாங்க, அதனால நோய் இருக்குன்னே வச்சிக்கிட்டு ஆரம்பிங்க.

மொதல்ல ரப்பர் கிளவுஸ். கையில சின்ன கீறல் இருந்தா கூட மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமி உள்ள போய் மாசக்கணக்குல ஆறாத கட்டிய உண்டாக்கும், மீன் வளக்குறவங்களுக்கு வர்ற வியாதி தான் அது. பழைய மணல், ஃபில்டர் ஸ்பான்ஜ், ஏர் ட்யூப், அலங்காரத்துக்கு போடற மரக்கட்டை (டிரிஃப்ட்வுட்) எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருங்க. மரக்கட்டை ப்ளீச்ச உறிஞ்சி வச்சிக்கும், அப்புறம் கொஞ்ச கொஞ்சமா தண்ணில விடும்.

அடுத்தது அழுக்கு. நெறைய பேரு எடுத்த உடனே ப்ளீச்ச ஊத்திடறாங்க, ஆனா பாசியும் மீன் கழிவும் ஒட்டியிருந்தா ப்ளீச்சோட சக்தி அதுலயே தீந்துடும், கிருமிக்கு மிஞ்சாது. பாசிய பிளேடால சுரண்டுங்க, மூலையில கண்ணாடிய ஒட்டியிருக்க சிலிக்கான் பசையில மட்டும் பிளேடு படக்கூடாது, பட்டா அங்கேயே ஒழுகும். லாஸ்பேட்டையில எங்க வீட்டு போர் தண்ணிக்கு தொட்டி விளிம்புல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு விழும், வெள்ளை வினிகர்ல துணிய நனைச்சு அரை மணி நேரம் ஒட்டி வச்சா இளகி வந்துடும். சோப்பு வேணாம், சுடுதண்ணியும் வேணாம், கண்ணாடி விரிசல் விட்டுடும்.

இப்ப கவனமா கேளுங்க, வினிகர் இருந்த இடத்துல ப்ளீச் பட்டா குளோரின் கேஸ் வரும். பாத்ரூம் ஆசிட் கூட கலந்தாலும் அதே தான், மூச்சு அடைச்சிடும். அதனால வினிகர் போற வரைக்கும் நல்லா அலசிட்டு தான் ப்ளீச்ச தொடணும், அதுவும் பூட்டுன பாத்ரூம்ல இல்ல, மொட்டை மாடியில, காத்து வர்ற இடத்துல.

வாசனையோ சோப்போ கலக்காத சாதா ப்ளீச் வாங்குங்க, சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் கிட்ட இருக்கணும். வெயில்ல கிடந்த பழைய பாட்டில்ல வீரியம் கொறஞ்சிருக்கும், புதுசா வாங்கறது தான் நல்லது. பக்கெட்ல மொதல்ல ஒன்பதரை லிட்டர் தண்ணி, அப்புறம் அரை லிட்டர் ப்ளீச், அதாவது 19 பங்குக்கு 1 பங்கு. ஸ்பான்ஜால உள்ள வெளிய மூடி எல்லாம் தடவி, காயாம திரும்ப திரும்ப நனைச்சு 15 நிமிஷம் ஈரமாவே வச்சிருங்க. கண்ணுல தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க. அந்த தண்ணிய செடிக்கோ வாய்க்காலுக்கோ ஊத்தாதீங்க, டாய்லெட்ல ஊத்திருங்க.

அலசறதுல தான் பொறுமை வேணும். நாலஞ்சு தடவ தண்ணி மாத்தி அலசிட்டு, தெர்மாகோல் போட்ட சமமான இடத்துல வச்சு விளிம்பு வரைக்கும் நிரப்புங்க. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் இருக்க தொட்டி கிட்டத்தட்ட 56 லிட்டர் புடிக்கும், நிரப்பினதுக்கப்புறம் தூக்கவே கூடாது. குளோரின முறிக்கற ஆன்டி குளோரின் மருந்த, பாட்டில்ல போட்டிருக்க அளவ விட ரெண்டு மடங்கு ஊத்தி அரை மணி நேரம் விட்டு கொட்டுங்க. வாசனை இருக்கான்னு நீங்களே மோந்து முடிவு பண்ணாதீங்க, அவ்வளவு நேரம் ப்ளீச் கூடவே இருந்த மூக்கு பழகிடும். கீழ இருந்து வீட்டு ஆள யாரையாவது கூப்பிட்டு சிலிக்கான் மூலைய மோந்து பாக்கச் சொல்லுங்க, அவங்க முகத்த சுளிச்சா இன்னொரு ரவுண்டு.

அப்புறம் வெயில்ல நல்லா காயணும், வெள்ளைப்புள்ளி கிருமி காய்ஞ்சா செத்துடும். ஐப்பசி கார்த்திகை மழையில மாடியில காயாது, ஃபேனுக்கு அடியில மூணு நாலு நாள் கவுத்து வச்சிருங்க. நான் மேல சொன்ன கட்டி வர்ற கிருமிக்கு ப்ளீச் அவ்வளவா கேக்காது, அதனால காஞ்ச கண்ணாடிய 70 சதவீத ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சு அது தானா ஆவியாகற வரைக்கும் விடுங்க, பக்கத்துல அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

கடைசியா ஒழுகுதான்னு பாக்க, ராத்திரி ஒரு நியூஸ்பேப்பர அடியில விரிச்சு, தொட்டிய மேல வச்சு தண்ணி நிரப்பி விடுங்க, காலையில பேப்பர் ஓரம் காஞ்சு மொறுமொறுன்னு இருந்தா புது மணல போடலாம்.