யூதர் வீட்டுத் துக்கத்தில் தாடி, முடி, நகம்: எதை எப்போது எடுக்கலாம்?

யூத நண்பர் ஒருவர் வீட்டில் மரணம் நடந்து, கொஞ்ச நாள் கழித்து அவர் தாடியும் கலைந்த முடியுமாக வந்தால் "என்ன இப்படி இருக்கீங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படி இருப்பதுதான் அவர் காக்கும் துக்கம். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர் ஆகிய நெருங்கிய உறவுகளுக்கு மட்டுமே இது கடமை.

முதலில் கணக்கு. இறந்த நாளிலிருந்து இல்லை, அடக்கம் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அந்த நாளே முதல் நாள். செவ்வாய் பகலில் அடக்கம் என்றால் ஷிவா எனும் 7 நாள் அடுத்த திங்கள் காலையோடு முடியும். ஏழாம் நாளில் சிறிது நேரம் துக்கத்தில் உட்கார்ந்தாலே அது முழு நாளாகிவிடும். ஷெலோஷிம் எனும் 30 நாளுக்கும் இதே கணக்குதான்.

ஷிவாவில் சவரம், முடிவெட்டு, சுகத்துக்காகக் குளிப்பது, வாசனைப் பூச்சு, தோல் செருப்பு எதுவும் இல்லை. முகம், கை, காலைக் குளிர்ந்த நீரில் கழுவலாம், வியர்வையும் அழுக்கும் இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவவும் தடையில்லை. தலை வாரிக்கொள்ளலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. நகவெட்டியை மட்டும் 30 நாளும் தொடக்கூடாது, நகம் உடைந்து உறுத்தினால் கையாலோ பல்லாலோ எடுத்துக்கொள்ளலாம். ஷிவா முடிந்த பிறகு, மீசை வாயில் விழுந்து சாப்பிட இடைஞ்சலாக இருந்தால் அதை ஒதுக்கிவிடவும் இடமுண்டு.

பெண்கள் முடி வெட்டுவதில் இரண்டு வழக்கம். 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் அருக் என்ற சட்டநூலில் யோசேப் காரோ ஷிவாவுக்குப் பிறகு அனுமதிக்கிறார், கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லஸ் அதற்கு எழுதிய குறிப்பில் மறுக்கிறார். அதனால் காரோவைப் பின்பற்றும் செபாராது (ஸ்பெயின் வழி யூதர்) குடும்பமா, இஸ்ஸர்லஸைப் பின்பற்றும் அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) குடும்பமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்பா அம்மா தவிர்த்த நெருங்கிய உறவுகளுக்கு முப்பதாம் நாள் காலையில் சவரம் செய்துகொள்ளலாம். அப்பா அம்மாவுக்கு அது போதாது, துக்கமே 12 மாதம். முடியைப் பொறுத்தவரை 30 நாளுக்குப் பிறகு, "போதும்ப்பா, பார்க்கவே சகிக்கலை, போய் வெட்டிக்கோ" என்று நண்பர்கள் கடிந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத். இஸ்ஸர்லஸ் அதற்கு 3 மாதம் என்று அளவு வைக்கிறார். பெற்றோரை இழந்தவன் தன் துக்கம் போதும் என்று தானே முடிவுசெய்ய முடியாது, பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவனை வெளியே கூப்பிட வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆகவே நெருங்கிய நண்பராக இருந்தால் முதல் மாதம் தாடியைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அப்புறம் தயங்காமல் சொல்லுங்கள்.

முடியை வளரவிடும் இந்த வழக்கத்தின் வேர் பைபிளின் லேவியராகமம் 10இல் இருக்கிறது. ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் இறந்தபோது ஆரோனிடமும் மீதமிருந்த அவர் மகன்களிடமும் முடியைக் குலைய விடவேண்டாம் என்று மோசே சொன்னார். அப்படியானால் மற்றவர்கள் விட வேண்டும் என்று யூத மத அறிஞர்களான ரபிகள் எடுத்துக்கொண்டார்கள்.

ஷிவா முடிந்தபின் பஸ்கா போன்ற பெரிய பண்டிகை வந்தால் 30 நாள் அத்தோடு அறுபடும், பெற்றோருக்கு மட்டும் முடி விஷயத்தில் இந்தச் சலுகை போதாது. தாடியால் வேலைக்கே ஆபத்து என்றால் தானாக ரேசரை எடுக்காமல் ரபியிடம் கேட்பது நல்லது, பிழைப்பு போகும் நிலையில் வழிகாட்டும் ரபிகள் உண்டு.